எல்லாரும் வாபஸ் வாங்கிய தேர்தல்

தேர்தலில் நிற்கிறவர்களுக்கு எங்கே தோற்றுவிடுவோமோ என்று பயம் இருக்கும். எங்கள் கல்லூரி ஆசிரியர் சங்கச் செயற்குழுத் தேர்தலில் நின்றவர்களுக்கு எங்கே ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்று பயம். அந்தத் தேர்தலை நடத்திய அலுவலர் நான்தான். நிற்காத எனக்கும் அதே அளவு பயம் இருந்தது.

இதை எழுத வைத்தது ஒரு ஃபோன். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் புள்ளியியல் துறையில் சேர்ந்த பெண் ஒருத்தி போன மாதம் கூப்பிட்டாள். "மேடம், இந்தத் தடவை செயற்குழு எலெக்‌ஷனுக்கு ஃபோன்லயே ஓட்டுப் போடணுமாம். யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுமா? நானே நிக்கலாமான்னு வேற யோசிக்கிறேன்" என்றாள். ஃபோனில் எப்படி ஓட்டுப் போடுவது என்று எனக்குத் தெரியாது என்றேன். "நீங்க நடத்தினப்ப எப்படி மேடம் போட்டாங்க?" என்றாள். நாங்கள் ஓட்டே போடவில்லை என்றதும் சிரித்துவிட்டாள். சிரிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் எத்தனையோ தனியார் கல்லூரிகள், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் பயம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

என் வீடு திருநின்றவூரில். மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் வாங்கிக் கட்டியது. கணவர் அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தார். காலையில் இரண்டு பேரும் ஒரே ரயிலில் ஏறுவோம். நான் ஆவடியில் இறங்கிக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பேன். முதல் சில வருடங்களில் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டதைவிட வேறு சில விஷயங்களைத்தான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். கேன்டீனில் நாலு பேருக்கு மேல் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. ஆபீஸ் பக்கம் போகும்போது பேச்சை நிறுத்திவிட வேண்டும். கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காகத் தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுக்கச் சொன்னால் எந்தத் தெரு என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இவ்வளவு தெரிந்துவிட்டால் அங்கே காலத்தை ஓட்டிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. இப்போது வேலைக்குச் சேருகிறவர்களிடம் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறார்களாம். எங்கள் காலத்தில் அப்படி இல்லை. சேருகிற அன்றே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து கடைசியாக வாங்கிய பட்டம் வரை எல்லா ஒரிஜினலையும் பச்சை உறையில் போட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த உறைகள் கல்லூரி நிர்வாகச் செயலர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவுக்குள் போய்விடும். அது திரும்பக் கைக்கு வருவதற்கு இரண்டே வழி. ஒன்று, ஓய்வு. இன்னொன்று, அவராகக் கூப்பிட்டு உறையை மேசைமேல் வைப்பது. பெற்றுக்கொண்டேன் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் வேலையை நீங்களாகவே விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். யாரையும் அவர் வேலையை விட்டு அனுப்பியதில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

செயலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் நினைப்பதுபோல மீசையை முறுக்குகிற ஆள் இல்லை. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நாம் உள்ளே போனால் எழுந்து நிற்பார். நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார். ஃபிளாஸ்கிலிருந்து காபியைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சர்க்கரை போதுமா என்று கேட்டு, நாம் ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு வீட்டைப் பற்றி விசாரிப்பார். சும்மா இல்லை, பெயர் சொல்லி விசாரிப்பார். என் மகள் பெயர், அவள் போகிற பள்ளிக்கூட வேன் எந்தத் தெருமுனையில் நிற்கும், அந்த டிரைவர் பெயர் என்ன, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எதற்காகக் கூப்பிட்டாரோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். காபி முடிந்ததும், "சரிம்மா, பாத்துப் போங்க" என்பார். அவ்வளவுதான். வெளியே வரும்போது நமக்கே தெரிந்துவிடும், நாம் எதைச் செய்யக் கூடாது என்று. திட்டுகிற ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் புலம்பலாம். நாற்காலி இழுத்துப் போட்டுக் காபி கொடுத்தார் என்று சொல்லிப் புலம்ப முடியுமா?

சங்கம் என்று ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏழு பேர் கொண்ட செயற்குழுவுக்குத் தேர்தல் என்று விதியும் இருந்தது. ஆனால் அந்த ஏழு பேரைச் செயலர்தான் சொல்லுவார். அவர்கள் மட்டும் மனு கொடுப்பார்கள், போட்டியின்றித் தேர்வாவார்கள், பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவார்கள். அதோடு சரி.

கொரோனா முடிந்து கல்லூரி திறந்த பிறகு அந்த வழக்கம் உடைந்தது. இயற்பியல் துறையில் பிரவீன் என்று ஒரு பையன் இருந்தான். வெளியூரில் ஒரு நல்ல கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது, ஒரிஜினலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். தினமும் செயலர் அறை வாசலில் நின்றான். தினமும் காபி கிடைத்தது. கடைசியில் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவன் ஸ்டாஃப் ரூமில் டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் பீரோவுக்குள் இருக்கிற தங்கள் பச்சை உறைதான் ஞாபகம் வந்தது.

தமிழ்த்துறை ஞானசேகரன் ஐயாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெரிய குரல், பெரிய உடம்பு, பட்டிமன்றங்களில் பேசிப் பழகியவர். ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஏழு பேர் நின்னா ஏழு பேரையும் கூப்பிட்டுக் காபி குடுப்பாரு. எல்லாரும் நிப்போம். மொத்த ஸ்டாஃபும் மனு குடுப்போம். யாரைன்னு கூப்பிடுவாரு? ஃபிளாஸ்க்ல அவ்வளவு காபி ஏதுய்யா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கல்லூரியில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. திட்டம் இதுதான். எல்லாரும் மனு கொடுப்பது. வாபஸ் வாங்கும் நாளில் ஏழு பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் வாபஸ் வாங்கிக்கொள்வது. அந்த ஏழு பேர் ஒரிஜினலைத் திருப்பிக் கேட்பது. அந்த ஏழு பேர் யார் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. பேசினால் அந்தப் பெயர்கள் சாயங்காலத்துக்குள் செயலர் காதுக்குப் போய்விடும் என்று பயம். அந்த நாள் வந்தால் அது தானாகத் தெரிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"எலெக்‌ஷன் ஆபீஸர் யாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"புஷ்பலதா மேடம்தான்" என்றார் ஐயா, என்னைக் காட்டி. "பயந்த ஆளு. பயந்த ஆளுங்கதான் எதையும் ரெண்டு தடவ சரிபாப்பாங்க."

மறுக்கவும் எனக்குப் பயமாக இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஸ்டாஃப் ரூமின் கடைசியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒரு மனுவுக்கு ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். ஒருவர் ஒரு மனுவுக்கு மேல் முன்மொழியக் கூடாது. அதனால் இவர் அவரை முன்மொழிய, அவர் அடுத்தவரை முன்மொழிய, கடைசி ஆள் முதல் ஆளை முன்மொழிந்து வட்டம் கட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் சரிபார்த்து ஏற்றுக்கொண்டு பலகையில் ஒட்டினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். அதை வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் நடையே மாறியிருந்தது.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன். வாபஸ் வாங்குகிறவர் நேரில் வர வேண்டும், என் கண்முன் கையெழுத்துப் போட வேண்டும், நான் நேரத்தைக் குறித்து என் கையெழுத்தைப் போட வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் வாபஸ் கிடையாது. மிஞ்சுகிறவர்கள் ஏழு பேருக்குள் இருந்தால், ஒரே ஒருவராக இருந்தாலும், போட்டியின்றித் தேர்வு. ஒருவருமே இல்லையென்றால் சங்கம் கலைந்ததாக அர்த்தம். அதற்குப் பதில் நிர்வாகமே ஒரு நலக்குழுவை நியமித்துக்கொள்ளும்.

வாபஸ் நாள் விடிந்தது. முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அட்டெண்டர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். "சார் உங்களக் கூப்புடறாரு" என்று வணிகவியல் துறைக்காரர் ஒருவரைப் பார்த்துச் சொன்னார். அவர் போனார். காபி குடிக்கிற நேரம் ஆனதும் திரும்பி வந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"மாமியாருக்கு உடம்பு சரியில்ல மேடம். இந்த நேரத்துல சங்கம் அது இதுன்னு அலைய முடியாது. நான் ஒருத்தன் இல்லாட்டி என்ன, இத்தனை பேர் இருக்காங்களே" என்றார். கையெழுத்துப் போட்டார். நேரத்தைக் குறித்தேன்.

அட்டெண்டர் மறுபடியும் வந்தார். மறுபடியும் வந்தார். செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்கும்போதே ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் எதையாவது எழுத ஆரம்பித்துவிடுவார்கள். போனவர் வந்து என் முன்னால் குனிந்து நிற்பார். ஒருவருக்கு வீட்டுக் கடன், ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது, ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. காரணம் வேறு வேறு, கடைசி வாக்கியம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். நான் இல்லாட்டி என்ன மேடம், இத்தனை பேர் இருக்காங்களே. கூப்பிடாதவர்களும் எழுந்து வர ஆரம்பித்தார்கள். கூப்பிடுவதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டால் காபி குடிக்க வேண்டாம் அல்லவா. சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. பிரவீனும் அந்த வரிசையில் நின்றான். இவர்களில் ஒருவருக்கும் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். கேட்டிருந்தாலும் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்குச் சற்று முன்னால் ஞானசேகரன் ஐயா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"என் பையன் செயலர் நடத்தற ஸ்கூல்லதான் மேடம் பிளஸ் டூ படிக்கிறான்" என்றார். "ஏழு பேர் இருக்காங்கல்ல?"

நான் நேரத்தைக் குறித்தேன். அவர் பதிலுக்காக நிற்கவில்லை.

நாலு மணி ஆயிற்று. பெயர்களை அடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். மிஞ்சியது ஒரே ஒரு பெயர். வ. வளர்மதி, உதவிப் பேராசிரியர், பொருளியல்.

அவள் தைரியசாலி என்பதால் மிஞ்சவில்லை. அன்றைக்கு அவள் கல்லூரியிலேயே இல்லை. பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குச் சிட்டிக்குப் போயிருந்தாள். முகாமில் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அட்டெண்டர் அவளைத் தேடி வந்து, இல்லை என்று தெரிந்து திரும்பிப் போனதை நானே பார்த்தேன். வாபஸ் வாங்கச் சொல்லி ஒரு வேட்பாளரைத் தேர்தல் அலுவலர் கூப்பிடவும் முடியாது. இறுதிப் பட்டியலைப் பலகையில் ஒட்டினேன். ஒரு பெயருக்குப் பட்டியல் என்று தலைப்புப் போடுவதே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் காலை பலகைக்கு முன்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படித்துவிட்டுக் கலைந்தார்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவும் முடியவில்லை. எல்லாரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். வளர்மதி வந்தாள், படித்தாள், ஓட்டமாக என்னிடம் வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரி. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. வயலெல்லாம் குடோனாக ஆன பிறகு அப்பா அந்தக் குடோன் ஒன்றில் மூட்டை தூக்கப் போனார். முதுகு பிடித்துக்கொண்டதால் இப்போது பாதி நாள்தான் போகிறார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். வீடு நடப்பதும் இவள் சம்பளத்தில்தான். கல்லூரியில் ரொம்பக் கவனமாக, மேடைப் பேச்சு மாதிரி சுத்தமாகப் பேசுவாள். பயம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"மேடம், இன்னா மேடம் இது? எல்லாரும் வாங்கிட்டாங்க, நான் மட்டும் மாட்டிகினு கீறேன். என் பேர எட்த்துருங்க மேடம்."

"நேத்து நாலு மணியோட முடிஞ்சு போச்சும்மா."

"நான் இங்க இல்லியே மேடம்! நேத்து தேதி போட்டுக் குடுக்கறேன், நீங்க கையெழுத்துப் போட்ருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

என்னால் முடியாது என்றேன். அவள் முகம் மாறியது.

"அவரும் நீங்களும் ஒண்ணுதான் மேடம்" என்றாள். "அவரு காபி குடுத்து மாட்டிவிடுவாரு. நீங்க ரூல் சொல்லி மாட்டிவிடறீங்க. எங்கப்பாரு மூட்ட தூக்கற குடோன் ஓனரு யாரு தெரியுமா? அவரோட சம்பந்தி."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதே நேரத்தில்தான் அட்டெண்டர் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

செயலர் எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். காபியை ஊற்றினார். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். நான் டம்ளரைத் தொடவேயில்லை. வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு அவர் விஷயத்தையும் பேசினார்.

"அந்தப் பொண்ணு பாவம்மா. வாபஸ் வாங்கணும்னு ஆசைப்படுதாம். நேத்து நீங்க நேரம் குறிச்சப்ப ஒண்ணு விட்டுப்போச்சுன்னு வெச்சுக்கலாமே. உங்க கையெழுத்துதானே?"

"பலகைல ஒட்டிட்டேன் சார்."

"பலகை நம்ம பலகைதானேம்மா."

வளர்மதியும் அதைத்தான் கேட்கிறாள், இவரும் அதைத்தான் கேட்கிறார். ஒரு கையெழுத்துப் போட்டால் சங்கம் கலைந்துவிடும், ஆனால் அவள் பிழைத்தாள், நான் பிழைத்தேன், என் மகள் ஏறுகிற வேன் நிம்மதியாகப் போய்வரும். போடாவிட்டால் அந்தப் பெண் ஒருத்திதான் மொத்தச் சங்கமும். எனக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பொய் நேரம் எழுதினால் அந்தக் காகிதம் காலத்துக்கும் இவர் பீரோவுக்குள் இருக்குமே, எப்போது வேண்டுமானாலும் எடுத்து மேசைமேல் வைப்பாரே என்று தோன்றியது. அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"நேரம் முடிஞ்சிடுச்சு சார்" என்றேன். "என்னால மாத்தி எழுத முடியாது."

அவர் கோபப்படவில்லை. என் டம்ளரைப் பார்த்தார். "காபி ஆறிடுச்சு போலிருக்கே" என்றார். பிறகு, "சரிம்மா. பாத்துப் போங்க."

அன்றிலிருந்து மகளை நானே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன். ஏன் என்று கணவர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

புதிய செயற்குழு பொறுப்பேற்றதும் செயலரைப் பழத்தட்டோடு போய்ப் பார்ப்பது எங்கள் கல்லூரி வழக்கம். தேர்தல் அலுவலர் கூடப் போய் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று நேரம் கொடுத்திருந்தார். வளர்மதி அதுவரை என்னிடம் பேசவில்லை. ஆப்பிளும் சாத்துக்குடியும் வைத்த தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வராந்தாவில் ஒரு கூத்து நடந்தது. வாபஸ் வாங்கிய ஆட்கள் ஒவ்வொருவராக எதிரே வந்தார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் காதுப்பக்கம் குனிந்தார்கள். "வளரு, உள்ள போறல்ல, என் ஒரிஜினலப் பத்தி ஒரு வார்த்தை..." "நான் சொன்னேன்னு சொல்லாத, ஆனா என்னோட எம்.ஃபில். சர்ட்டிஃபிகேட்டு..." ஞானசேகரன் ஐயாவும் வந்தார், தொண்டையைச் செருமினார், அப்படியே போய்விட்டார். பிரவீன் மட்டும் தூரத்திலேயே நின்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. நிற்கப் பயந்தவர்கள், நிற்பவள் தலையில் தங்கள் சுமையை ஏற்றப் பயப்படவில்லையே!

உள்ளே போனோம். செயலர் எழுந்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அறிமுகப்படுத்தினேன். ஒரே ஒரு பெயர் சொல்லி முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். காபி வந்தது.

"அப்பா இன்னும் அந்த குடோனுக்குத்தான் போறாராம்மா? முதுகு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல சார்."

"உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கும்மா. இங்க கெடந்து ஏன் கஷ்டப்படணும்?"

அவர் பின்னால் திரும்பி பீரோவைத் திறந்தார். உள்ளே பச்சை உறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அதில் என்னுடையதும் எங்கேயோ இருந்தது. ஒன்றை உருவி எடுத்து அவள் முன்னால் வைத்தார். பக்கத்தில் பதிவேட்டைத் திறந்து பேனாவை மூடி கழற்றி வைத்தார். எல்லாம் அவ்வளவு மரியாதையாக நடந்தது.

வளர்மதி உறையைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.ஏ., எம்.ஏ., பிஎச்.டி. கொஞ்சம் மங்கலாகியிருந்த ஒரு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதைத் திரும்ப வாங்குவதற்காகத்தானே இவ்வளவும். எடுத்துக்கொண்டு போனால் எங்கேயாவது ஒரு வேலை கிடைக்கும், கிடைக்கும்வரை வீடு எப்படி நடக்கும் என்பதுதான் கேள்வி. எடுத்துக்கொள் என்று என் மனசு சொல்லிற்று. எடுத்துக்கொண்டு ஓடிப் போய்விடு பெண்ணே என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். காகிதங்களை அடுக்கும்போது ஓரங்கள் சேரவேயில்லை. திரும்பத் திரும்பத் தட்டி அடுக்கினாள். உறைக்குள் போட்டாள். உறையை அவர் பக்கம் தள்ளினாள்.

"எல்லாருக்கும் குடுக்க சொல்லோ நானும் வாங்கிக்கறேன் சார்" என்றாள்.

"என்னம்மா?"

"வர வழில ஆளாளுக்கு வந்து கேட்டாங்க சார். யாரு பேரச் சொல்றது, யாரு பேர வுடறது? ஒரு பேரச் சொன்னா அவங்களக் கூப்புடுவீங்க. அதான் எல்லார்தும் கேக்கறேன். எல்லார்தும் குடுத்துருங்க. என்னுத கடசியாக் குடுங்க."

செயலர் உறையைப் பார்த்தார். அதை எடுத்து பீரோவில் வைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை, மேசையிலேயே விடவும் தெரியவில்லை. கொடுத்ததை வேண்டாம் என்று யாரும் அதுவரை திருப்பித் தள்ளியதில்லை. பேனாவின் மூடியை எடுத்து மாட்டினார். அவர் வாயிலிருந்து அந்த 'பாத்துப் போங்க' வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. நாங்களாகவே எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

வராந்தாவில் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு தலை தெரிந்தது. யாரும் கிட்டே வரவில்லை. நாலு எட்டு நடந்ததும் வளர்மதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் நகம் பதிந்தது.

"மேடம், வவுத்தக் கலக்குது. பாத்ரூம் வரைக்கும் கூட வரீங்களா?"

கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"மேடம், போயிடாதீங்க."

"போகலம்மா" என்றேன். "இங்கேயேதான் நிக்கிறேன்."